சிங்கப்பூர் லைனில் சிவகாமி

சிவகாமசுந்தரி என்ற முழுப்பெயரை எங்கள் மலாக்கா டெலிபோன் ஆபீசில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மேற்பார்வையாளர் மிஸ் டிகோஸ்தா உஜோங் பாசிரிலிருந்து சைக்கிளில் வருகிறவர், போர்ச்சுகீசிய வம்சம். அந்தப் பெயர் அவர் நாக்குக்கு வளையவில்லை. "மிஸ் சிவா" என்று பாதியிலேயே நிறுத்திவிடுவார். எனக்கு அவர் சிவகாமி அக்கா. இரண்டு வயதுதான் மூத்தவர். இரண்டு பேர் வீடும் காஜா பேராங்கில். காலையில் அவர் வந்து வாசலில் நின்று "மல்லிகா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிடுவார். நான் தயாராக இல்லாவிட்டால் நடந்து போய்க்கொண்டே இருப்பார். தெருமுனையில் ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டும்.

அவருடைய அப்பா கலியாணசுந்தரம் நகரசபையில் கிராணி, அதாவது குமாஸ்தா. மகளைக் கான்வென்டில் சேர்த்து சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படிக்கவைத்தார். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் பதற்றமில்லாமல் பேசுவார் அக்கா. சீன வியாபாரிகளோடு பேசுகிற அளவுக்குக் கொஞ்சம் ஹொக்கியனும் பழகியிருந்தார். ஆபீசில் சேர்ந்த இரண்டாம் வருஷமே அவரை டிரங்க் கால் பலகையில் உட்காரவைத்தார்கள். நான் அவருக்கு அடுத்த நாற்காலி.

டிரங்க் கால் என்றால் வெளியூருக்குப் பேசுவது. உள்ளூரில் ஒருவருக்கொருவர் பேச எத்தனையோ கம்பிகள் இருந்தன. சிங்கப்பூருக்கு இருந்தது மூன்றே லைன். ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசலாம், நாலாமவர் காத்திருக்கத்தான் வேண்டும். பேச விரும்புகிறவர் முதலில் எங்களிடம் சொல்லிவைப்பார். நாங்கள் ஒரு சீட்டில் எழுதி வரிசையில் செருகுவோம். லைன் காலியானதும் அவரைக் கூப்பிட்டு இணைப்புக் கொடுப்போம். மூன்று நிமிஷம். பின்னால் யாரும் இல்லையென்றால் இன்னும் பேசிக்கொள்ளலாம். யாராவது காத்திருந்தால் நடுவில் புகுந்து, நேரம் முடிந்தது என்று சொல்லித் துண்டித்துவிடவேண்டும்.

தகராறு வந்தது ரப்பர் விலையால். சிங்கப்பூர்ச் சந்தை திறக்கிற நேரத்துக்கு விலை கேட்க எல்லாத் தரகர்களும் துடிப்பார்கள். அவர்களில் ஒருவர் பலகை திறந்தவுடன் தம் ஆளைவிட்டு ஏழெட்டுக் கால் ஒன்றாகச் சொல்லிவைப்பார். சீட்டு வந்த வரிசைப்படிதான் கொடுக்கவேண்டும் என்பது விதி. அவர் சீட்டுகள் தீரும்வரை மற்றவர்கள் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்துல் சமது நேரிலேயே வந்துவிட்டார். பெருநாளுக்கு வரவேண்டிய சரக்கு சிங்கப்பூரில் கிடக்கிறது, கப்பல்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், காலையிலிருந்து காத்திருக்கிறேன் என்றார். மிஸ் டிகோஸ்தா விதியை எடுத்துச் சொன்னார். சமது சிவகாமி அக்கா பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணும்மா. அவர் எட்டுத் தடவை பேசி முடிச்சாத்தான் நான் ஒரு தடவை பேசணுமா? அவரும் ஒரு ஆளு, நானும் ஒரு ஆளுதானே?"

மறுநாள் காலை அக்கா மிஸ் டிகோஸ்தாவிடம் ஒரு யோசனை சொன்னார். சீட்டை எண்ணாமல் ஆளை எண்ணுவோம். ஒருவர் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் கொடுக்கட்டும். ஒரு தடவை பேசியதும் அவருடைய அடுத்த சீட்டு, இன்னும் ஒரு தடவைகூடப் பேசாத எல்லாருக்கும் பின்னால் போகட்டும். எல்லாரும் ஒரு சுற்றுப் பேசிய பிறகு இரண்டாம் சுற்று. மிஸ் டிகோஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. தரகர் கத்தினார், மேலிடத்துக்குப் புகார் எழுதினார், அப்புறம் அடங்கினார். முன்பெல்லாம் மத்தியானம்வரை காத்திருந்த சின்னக் கடைக்காரர்கள் ஒன்பதரை மணிக்கே பேசி முடித்தார்கள். அப்துல் சமது பெருநாளன்று ஆபீசுக்கே பலகாரம் அனுப்பினார். ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்கு நாங்கள் போனால், முன்பின் தெரியாதவர்கள்கூட, "டெலிபோன்ல நியாயம் பாக்குற பொண்ணு இவங்கதானே?" என்று அக்காவிடம் வந்து பேசுவார்கள். அக்கா வெட்கப்படுவார். ஆனால் அது அவருக்குப் பிடித்திருந்தது. பிடிக்கத்தானே செய்யும்? வீட்டில் அப்பாவும் அண்ணனும் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர். தான் நினைத்த ஒன்றை ஊரே ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

யார் எதற்காகப் பேசுகிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்கக்கூடாது என்று விதியும் இருந்தது. போலீஸ், தீயணைப்பு, டாக்டர் என்று சிலருக்கு மட்டும் முன்னுரிமை. மற்றபடி அவசரமென்று யாராவது தாமாகச் சொன்னால் மிஸ் டிகோஸ்தாவைக் கேட்டு முடிவு செய்யலாம். நான் ஒருமுறை, குரல் ரொம்பத் தவிப்பாக இருந்தால் என்ன ஏதென்று கேட்டால் என்ன என்றேன்.

"கேக்க ஆரம்பிச்சா எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும் மல்லிகா. அதை எடைபோட நாம யாரு? முறைன்னா முறைதான்."

ஐம்பத்தாறாம் வருஷம் பிப்ரவரியில், சுதந்திரம் எந்தத் தேதியில் கிடைக்கும் என்று மலாக்கா பாடாங் மைதானத்தில் வைத்து அறிவிக்கப்போகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சாயிற்று. முந்தின நாளே வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். அன்று காலை நாங்கள் வேலைக்குப் போகும்போது லாரி லாரியாக ஆட்கள், கொடிகள், கோஷம். மிஸ் டிகோஸ்தா எங்களை நிற்கவைத்து, இன்று உலகம் முழுவதும் இந்த ஊரிலிருந்துதான் செய்தி போகும், தவறு நடக்கக்கூடாது என்றார். சிங்கப்பூர் லைனை அக்காவிடமே விட்டார்.

பொன்னம்மா என்ற ஒரு பெண்ணின் கால் அன்று காலை பத்து மணியை ஒட்டி வந்தது. எங்கள் ஆபீசுக்குக் கீழே தபால் கவுண்டருக்குப் பக்கத்தில் பொது பூத் ஒன்று இருந்தது. சொந்த டெலிபோன் இல்லாதவர்கள் அங்கே வந்து சொல்லிவைத்துவிட்டு, பெஞ்சில் காத்திருப்பார்கள். அப்போது அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது, பூத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் என்பதைத் தவிர. கேட்டிருந்த நம்பர் சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரி.

அக்கா இணைப்புக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் எடுத்தவர் எந்த வார்டு என்று கேட்டார். பொன்னம்மாவுக்கு வார்டு தெரியவில்லை. கணவர் பெயர் அப்பாசாமி என்று அரைகுறை மலாயில் சொன்னார். அங்கே தேடினார்கள். ஒரு வார்டுக்குப் போட்டார்கள், அது வேறு வார்டு. திரும்பப் போட்டார்கள். ஒரு நர்ஸ் எடுத்து, இருங்கள் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குள் மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது. பின்னால் சீட்டுகள் குவிந்திருந்தன. அக்கா நடுவில் புகுந்து நேரம் முடிந்தது என்றார்.

"இன்னும் யாருமே வந்து பேசலீங்களே" என்றார் பொன்னம்மா.

மறுபடி சொல்லிவைக்கவேண்டும், அடுத்த முறை வரும்போது கூப்பிடுவோம் என்று அக்கா விளக்கினார். அந்த அம்மாள் கோபப்படவில்லை, அழவுமில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"மத்தியானம் சிங்கப்பூருக்கு ஒரு பஸ் இருக்குதுங்கம்மா. அதுல போயிரலாமா, இல்ல இங்கயே இருந்தா லைன் கிடைக்குமா?"

"இருங்க. உங்க முறை கண்டிப்பா வரும்" என்றார் அக்கா.

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. வழக்கமான நாளாக இருந்தால் பதினோரு மணிக்கெல்லாம் கூட்டம் குறைந்து இரண்டாம் சுற்று தொடங்கிவிடும். அன்று அப்படி நடக்கவில்லை. பாடாங்கில் தேதியை அறிவித்ததும் ஆரவாரம் எங்கள் ஜன்னல்வரை கேட்டது. அடுத்த நிமிஷமே பலகை முழுக்க விளக்குகள் எரிந்தன. பத்திரிகைக்காரர்கள், கட்சிக்காரர்கள், ஓட்டல்காரர்கள், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனிடம் சந்தோஷத்தைச் சொல்லவேண்டுமென்று வாழ்நாளில் முதல்முறையாக டிரங்க் கால் கேட்ட பள்ளிக்கூட வாத்தியார்கள். எல்லாரும் புது ஆட்கள். யாரும் இன்னும் ஒருமுறைகூடப் பேசாதவர்கள். அக்காவின் முறைப்படி, ஒவ்வொரு புது ஆளும் வர வர, ஏற்கெனவே ஒரு தடவை பேசியதாகக் கணக்கில் இருந்த பொன்னம்மாவின் சீட்டு பின்னால் பின்னால் தள்ளிப்போயிற்று.

அந்த முறையில் இப்படி ஓர் ஓட்டை இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. புதிதாக வருகிறவர்கள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், ஒருமுறை பேசியவருக்கு மறுமுறை வரவே வராது. பேசியதாகச் சொல்லப்பட்டவர் உண்மையில் யாரிடமும் பேசவில்லை என்பது சீட்டில் தெரியாது.

அக்கா அன்று வேலை செய்த மாதிரி யாரும் செய்து நான் பார்த்ததில்லை. சாப்பிடப் போகவில்லை. ஒரு பெரிய ஆங்கிலப் பத்திரிகையின் நிருபர் இரண்டாம் கால் உடனே வேண்டுமென்று அதட்டினார். உங்களுக்கு முன்னால் பேசாதவர்கள் இருக்கிறார்கள் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு ஒரு சின்னத் தமிழ்ப் பத்திரிகைக்கு லைன் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. மிஸ் டிகோஸ்தா பின்னால் வந்து நின்று அவர் தோளைத் தட்டினார்.

பொன்னம்மாவின் முறை நாலு மணிக்கு மேல் வந்தது. இந்தத் தடவை வார்டு சுலபமாகக் கிடைத்தது. நர்ஸ் சொன்னது அக்காவின் காதிலும் விழுந்தது. காலையிலேயே சொல்லக் காத்திருந்தோம், லைன் அறுந்துவிட்டது, உடனே புறப்பட்டு வாருங்கள். பொன்னம்மா சரி என்று மட்டும் சொல்லி ரிசீவரை வைத்துவிட்டார். மறுபடியும் விளக்குகள் எரிந்தன, அக்கா அடுத்த சீட்டை எடுத்தார்.

அந்த நேரத்தில் சிங்கப்பூர் போக பஸ் கிடையாது. வாடகைக் கார்களெல்லாம் கூட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய் விடப் போயிருந்தன. இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து அம்மா என்னிடம், பழைய தமிழ் வம்சத்தாரான சிட்டிகள் குடியிருக்கும் கம்போங் கிராமத்தைத் தாண்டி வரிசை வீட்டில் ஒரு சாவு, தொங்காங் படகில் வேலை செய்த மனுஷர், போய்த் துக்கம் கேட்டுவிட்டு வா என்றார். நம் ஆட்கள் வீட்டுத் துக்கம் என்றால் தெரியாதவர்களானாலும் போவோம். துணைக்கு அக்காவை அழைத்தேன். போகும் வழியில் அக்கா அரிசியும் காய்கறியும் வாங்கிக்கொண்டார். யார் வீடு என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. பொன்னம்மாவுக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். உறவுக்காரப் பெண் ஒருத்தி நடந்ததை எங்களுக்குச் சொன்னாள். சிங்கப்பூரில் சரக்கு இறக்கும்போது மூட்டைகள் சரிந்து அப்பாசாமி மேல் விழுந்துவிட்டன. படகு ஆட்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மலாக்கா வந்ததும் நம்பரை எழுதிக் கொடுத்து, போன் பண்ணிக் கேட்டுக்கொள், லேசான அடிதான் என்றார்கள். இவள் மறுநாள் விடிந்ததும் முதல் பஸ் ஏறி, மூவாரிலும் பத்து பகாட்டிலும் ஆற்றைப் பெர்ரிப் படகில் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

அக்கா சம்பிரதாயமாக ஏதோ இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னார். தலைகுனிந்திருந்த பொன்னம்மா அந்தக் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க போன்ல பேசுறவங்கதானே? இருங்க, முறை வரும்னு சொன்னீங்களே."

கூடத்தில் எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார். பொன்னம்மா கையை நீட்டி அக்காவின் முழங்கையைத் தொட்டார்.

"நீங்க நல்லவிதமாத்தான் சொன்னீங்கம்மா. மத்தவங்க மாதிரி எரிஞ்சு விழல. எனக்குத்தான் புத்தி இல்ல, பஸ் ஏறியிருக்கணும். ராத்திரி பூரா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாராம். நர்ஸம்மா சொன்னாங்க."

திட்டியிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அதற்குள் வேறு ஆட்கள் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். நாங்கள் எழுந்து வந்தோம். வழியில் அக்கா சொன்னது ஒன்றுதான்.

"தெரியலன்னு சொல்லியிருக்கலாம் மல்லிகா. இன்னைக்குக் கூட்டம் அதிகம், எப்ப கிடைக்கும்னு தெரியலன்னு ஒரு வார்த்தை. அவங்க பஸ்ஸுக்குப் போயிருப்பாங்க."

மறுநாள் அவர் மிஸ் டிகோஸ்தாவிடம் போய், முறையை மாற்றவேண்டும் என்றார். கேட்ட ஆள் பேச வந்தால்தான் ஒரு தடவை என்று கணக்கு வைக்கவேண்டும். பாதியில் நின்ற கால் தன் இடத்தை இழக்கக்கூடாது. மிஸ் டிகோஸ்தா பொறுமையாகக் கேட்டார். நடந்ததற்கு வருந்தினார். பாதியில் நின்ற காலுக்கு உடனே இன்னொரு வாய்ப்புத் தரலாம் என்று ஒத்துக்கொண்டார். அது நல்ல மாற்றம், கடைசிவரை இருந்தது.

அக்காவுக்கு அது போதவில்லை. பூத்திலிருந்து யார் கூப்பிட்டாலும், என்ன விஷயம் என்று கேட்க ஆரம்பித்தார். நோய், சாவு, பிரசவம் என்றால் வரிசையை மீறி முன்னால் கொடுத்தார். முதலில் பலர் வாழ்த்தினார்கள். சிலர், உனக்கு எதற்கு என் வீட்டு விஷயம் என்று சண்டைக்கு வந்தார்கள். இரண்டு மாதத்தில் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ரப்பர் தரகரின் ஆள் பூத்தில் வந்து நின்று, மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி விலை கேட்டுவிட்டுப் போனான். எந்தத் தவிப்பு நிஜம், எது நடிப்பு என்று அக்காவால் பிரிக்கமுடியவில்லை. நிஜமோ என்று பயந்து எல்லாருக்கும் கொடுத்தார். முன்பு அவரை நம்பியிருந்த சின்னக் கடைக்காரர்கள் மறுபடி மத்தியானம்வரை காத்திருந்தார்கள். அப்துல் சமதுவே புகார் சொன்னார். கோபமாக அல்ல, வருத்தமாக.

மிஸ் டிகோஸ்தா அவரைக் கூப்பிட்டு, உன்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்தப் பலகையை இனி உன்னிடம் விடமுடியாது என்றார். நம்பர் விசாரிக்கிற மேசைக்கு மாற்றினார். ஐம்பத்தேழு ஆகஸ்டு கடைசியில் நாடே மெர்டேக்கா என்று சுதந்திரத்தைக் கொண்டாடியபோது சிங்கப்பூர் லைனில் நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா பக்கத்து அறையில், ஓட்டல் நம்பரும் டாக்சி நம்பரும் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. நேரமில்லை.

பொன்னம்மாவின் வீட்டுக்கு அக்கா அதற்கிடையில் இரண்டு மூன்று முறை போனார். அரிசி, துணி என்று கொண்டுபோவார். பொன்னம்மாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை கிடைத்திருந்தது. ஒரு நாள் அவர் அக்காவை உட்காரவைத்துத் தின்பண்டம் கொடுத்து, இனிமேல் இப்படியெல்லாம் கொண்டுவரவேண்டாம் என்று தன்மையாகச் சொல்லிவிட்டாராம். உங்களைப் பார்த்தால் அந்த நாள் ஞாபகம் வருகிறது, தப்பா எடுத்துக்காதீங்க என்றாராம். அக்கா அதற்கப்புறம் போகவில்லை. சாலையில் தூரத்தில் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுவார். நானே பார்த்திருக்கிறேன்.

ஐம்பத்தொன்பதில் அக்காவுக்குச் சிரம்பானில் மாப்பிள்ளை அமைந்தது. தம்பிராஜா என்று ஒரு பள்ளி ஆசிரியர், சாதுவான மனிதர். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்து, கூட வா என்றார். எங்கே என்று கேட்கவில்லை. அவர் கையில் அன்று எதுவும் இல்லை. நடக்கும்போது உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்ப்பவரைப்போல.

வரிசை வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பொன்னம்மா ஒரு மாசத்துக்கு முன்பே தம்பியோடு குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டார், எந்தத் தோட்டம் என்று தெரியாது என்றாள் அந்த வீட்டுக்காரி. உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று உபசரித்தாள். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாசலில் உலர்ந்துகொண்டிருந்த மிளகாயைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

"தப்பு என்னோடதுன்னு முதல் நாளே சொல்லியிருக்கணும்" என்றார். "மூணு வருஷமா இந்த ஊர்லயேதான் இருந்தாங்க."

அவர் கல்யாணத்துக்கு நான் சிரம்பான் போயிருந்தேன். நன்றாக வாழ்ந்தார். இரண்டு பெண்கள், ஒரு பையன். பலவருஷங்களுக்குப் பிறகு ஒரு தடவை அவர் வீட்டில் தங்கினேன். குளுவாங்கிலிருந்து யாராவது வந்தால் உங்கள் அக்கா எந்தத் தோட்டம் என்று விசாரிக்கிறார், பொன்னம்மா என்று யாரையாவது தெரியுமா என்று கேட்கிறார், அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை என்று தம்பிராஜா என்னிடம் தனியாகச் சொன்னார். நான் அவரிடம் காரணம் சொல்லவில்லை. அக்கா சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?